வீட்டிலதானே இருக்கிறாய்?

"வீட்டிலதானே இருக்கிறாய், இந்தத் தேங்காயைத் திருவித் தாவன் பிள்ளை."

கோண்டாவிலில் நான் சென்றிருந்த வீடொன்றில் தாயார் இப்படிக் கேட்டபோது, மகள் மடிக்கணினிக்கு முன்னால் வேலையில் இருந்தார். ரொறன்ரோவிலுள்ள நிறுவனம் ஒன்றின் கணக்குகளைப் பதிவு செய்பவர் அவர். அங்கே காலை 9 மணியாகும்போது இங்கே மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. ஊர் உறங்கும் நேரத்தில்தான் அவருக்கு வேலை மும்முரம். பகலில் வீட்டு வேலையும் அவரிடமே வந்து சேரும்.

2020 மார்ச் 20இல் நாடு முழுவதும் ஊரடங்கு அமுலானபோது வீட்டிலிருந்து வேலை செய்வது எம்மில் பலருக்குப் புதிது. 2022இல் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களையும் வீட்டிலிருந்து பணிபுரியச் சொன்னார்கள். அந்த நாட்கள் போய்விட்டன. வேலைமுறை மட்டும் பல வீடுகளில் தங்கிவிட்டது. பெண்பிள்ளை இரவில் பேருந்து ஏறவேண்டியதில்லை என்று பெற்றோருக்கும் நிம்மதி.

ஆனால் அந்தத் தங்கை சாப்பாட்டைக் குறைத்திருந்தார். நித்திரையும் இல்லை. தாயார் காதல் விவகாரம் என்று சந்தேகப்பட்டார். எங்கள் ஊரில் வேறென்ன நினைப்பார்கள்!

"சம்பளத்தில குறையில்லை அக்கா. நான் நாலு பந்தி எழுதி அனுப்புவன். அவர் 'ஓகே' எண்டு மட்டும் போடுவார். கோவமோ எண்டு விடியும்வரை யோசிப்பன்" என்றார்.

எனக்கு இது புதிதல்ல. ஊரடங்குக் காலத்தில் 'பார்த்தேன்' என்ற ஒரு சொல் பதிலுக்காக நானும் ஓர் இரவைத் தொலைத்தவள். அலுவலகம் என்றால் தேநீர் நேரத்தில் முகத்தைப் பார்த்துத் தெளிந்திருப்பேன். எழுத்தில் முகமும் இல்லை, குரலும் இல்லை. வெற்றிடத்தை எங்கள் பயமே நிரப்பிவிடுகிறது. சிறுவயதில் கொமினிகேசன் கடையில் அம்மாவோடு காத்திருந்து பெரியப்பாவின் குரலைக் கேட்ட எனக்கு, குரலின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கனடாவில் பிறந்த சமூகவியலாளர் கோஃப்மன், 1956இல் வெளிவந்த தமது நூலில் மனித வாழ்வை மேடைக்கு ஒப்பிட்டார். பிறர் முன்னே ஒரு முகம். திரைக்குப் பின்னே ஆறுவதற்கு ஓரிடம். இந்தத் தங்கைக்கு ஒரே அறைதான் இரண்டும். திரை எங்கே விழும்?

நாங்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. திங்களும் வியாழனும் பத்து நிமிடம் குரலில் கதைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்கச் சொன்னேன். கேட்க ஒரு மாதம் தயங்கினார். கேட்டபிறகுதான் தெரிந்தது, அந்த மனிதர் ரயிலில் நின்றபடி ஒரு கையால் பதில் தட்டுபவராம்! தாயாரை ஒருநாள் பக்கத்தில் இருத்திக் கூட்டத்தைக் காட்டினோம். வேலை நேரத்தை எழுதிக் குசினிக் கதவில் ஒட்டினோம். நித்திரை இப்போது ஓரளவு வருகிறது. பகல் வேலைப் பங்கீடு இன்னும் சரியாகவில்லை. தம்பியார் திருவலைப் பக்கம் வருவதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரையின்மை, பசியின்மை, எதிலும் விருப்பமின்மை இருந்தால் வைத்தியரை நாடுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

சென்ற மாதம் போனபோது கலியாணத் தரகர் வந்திருந்தார். "பிள்ளை எங்க வேலை?" என்று கேட்டார். முன்பென்றால் "வீட்டிலதான்" என்றிருப்பார் தாயார். அன்று நிமிர்ந்திருந்து, "கனடாக் கொம்பனியில. இப்ப கூட்டத்தில இருக்கிறா, சத்தம் போடாதேங்கோ" என்றார்.