புதிய தொட்டியில் தங்கமீன்: முதல் ஆறு வாரங்கள்

தங்கமீன் எளிதில் மடிந்துபோகும் உயிர் என்பது பலருடைய எண்ணம். வாங்கி வந்து கண்ணாடித் தொட்டியில் விட்ட மீன்கள் ஓரிரு வாரங்களில் ஒவ்வொன்றாக இறந்து மிதப்பதைக் கண்டோர் அவ்வாறு கருதுவதில் வியப்பில்லை. ஆயினும் உண்மை வேறாகும். சீனத்தில் சொங் அரச மரபுக் காலத்திலேயே குளங்களிற் பேணப்பட்டு, ஏறக்குறைய 1000 ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்துவரும் இம்மீன், கெண்டை இனத்தைச் சார்ந்த வலிய மீனாகும். தக்கவாறு பேணின் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும். புதிய தொட்டியில் அது இறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நோயன்று; மீனை ஏற்பதற்குத் தொட்டி நீர் இன்னும் ஆயத்தமாகாமையே காரணமாகும்.

நீரில் நிகழ்வது யாது?

மீன் உண்ட உணவின் கழிவு, அமோனியா என்னும் பொருளாகப் பெரும்பாலும் அதன் பூக்கள் வழியாகவே நீரிற் கலக்கின்றது. தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. ஆகையால் உணவு விரைவாகக் குடலைக் கடந்து செல்ல, கழிவும் மிகுதியாகின்றது. எஞ்சிய உணவு அழுகுவதாலும் அமோனியா உண்டாகின்றது. இது சிறிதளவிலேயே மீனின் பூக்களைப் புண்படுத்தும் நஞ்சாகும்.

இயற்கையில் இந்நஞ்சை அகற்றுபவை கண்ணுக்குப் புலப்படாத பற்றீரியாக்கள். ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் மீனுக்கு நஞ்சே. மற்றொரு வகை அதனை நைத்திரேற்றாக மாற்றும். இது பெரிதும் தீங்கற்றது. நீரை அவ்வப்போது மாற்றுவதனால் இதனை அகற்றிவிடலாம். இப்பற்றீரியாக்கள் நீரில் மிதப்பதிலும் பார்க்க வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டியே வாழ்கின்றன. புதிய தொட்டியில் அவை போதிய அளவிற் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும். இக்காலத்திலேயே பெரும்பாலான மீன்கள் இறக்கின்றன.

மன்னார் நீரின் தன்மை

மன்னார்த் தீவின் மணற்றரையில், மழையினாற் கிடைத்த நன்னீர் அடியிலுள்ள உவர் நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கின்றது. இதனால் தீவிலும் கரையோரத்திலும் பல கிணறுகளின் நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்து காணப்படும். இத்தகைய நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. அமோனியாவின் நச்சுத்தன்மை, நீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடுந்தோறும் கூடுகின்றது. 30 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில், பீ.எச் பெறுமானம் 7 ஆயின் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு 1 பங்கிலும் குறைவாகவே நச்சு வடிவில் இருக்கும். அப்பெறுமானம் 8 ஆயின் நூற்றுக்கு 7 பங்கு நச்சாகும். குளிர்ந்த மலைநாட்டில் மீன் தாங்கிக்கொள்ளும் அசுத்தம் மன்னாரில் அதனைக் கொல்லக்கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

எனினும் இந்நீரினால் நன்மையும் உண்டு. பயன்தரும் பற்றீரியாக்கள் வெதுவெதுப்பான, காரத்தன்மையுள்ள நீரில் நன்கு பெருகும். ஆகவே மீனை விடுமுன் தொட்டியை ஆயத்தப்படுத்துவோருக்கு மன்னார் நீர் துணைசெய்யும். அவசரப்பட்டு மீனை விடுவோருக்கு அதே நீர் பகையாகும்.

தொட்டியும் அதன் இடமும்

சிறிய கண்ணாடிக் கிண்ணங்கள் தங்கமீனுக்கு ஏற்றவையல்ல. 90 சென்ரிமீற்றர் நீளமும், 40 சென்ரிமீற்றர் அகலமும், 40 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டியில் 36 சென்ரிமீற்றர் மட்டத்துக்கு நீர் நிரப்பினால் ஏறக்குறைய 130 லீற்றர் கொள்ளும். இதில் இரண்டு அல்லது மூன்று சிறு மீன்களுக்கு மேல் விடலாகாது. புதிய சீமெந்துத் தொட்டியைப் பயன்படுத்துவோர், சுண்ணாம்பு நீங்கும்பொருட்டு, பல முறை நீர் நிரப்பி ஊறவைத்து வெளியேற்றிய பின்னரே மீன் விடவேண்டும்.

வெயில் படாத, மேற்குச் சுவரைச் சாராத, காற்றோட்டமுள்ள இடம் சிறந்தது. நீர் சூடேறுந்தோறும் அதிற் கரையும் ஒட்சிசன் குறைகின்றது. 20 பாகையில் ஒரு லீற்றர் நீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் 7½ மில்லிகிராமே கொள்ளும். ஆகவே காற்றுப் பம்பியும் பஞ்சு வடிகட்டியும் இரவும் பகலும் இயங்குதல் வேண்டும். மின்சாரம் தடைப்படும்போது, சிறு பாத்திரத்தினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து மீண்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் மீன்கள் மூச்சுத் திணறாமற் காக்கலாம். நீரைக் குளிர்விக்கப் பனிக்கட்டி இடுதல் கூடாது. மின்விசிறியின் காற்று நீரின் மேற்பரப்பிற் படுமாறு செய்தல் போதும்.

கடற்கரையிற் பொறுக்கிய சிப்பி, சங்கு, பவளக்கல் என்பவற்றை அழகுக்காகத் தொட்டியில் இடும் வழக்கம் உண்டு. இவை சுண்ணாம்புப் பொருள்களாதலால் நீரின் காரத்தன்மையை மேலும் கூட்டும். கருங்கற் சரளையே தக்கது. கல்லின் மேல் சில துளி வினாகிரி விட்டு நுரை எழுகின்றதா எனப் பார்க்கவும். நுரை எழுந்தால் அக்கல் வேண்டாம்.

தொட்டியை ஆயத்தப்படுத்தல்

குழாய் நீரில் உள்ள குளோரீன் மீனையும் பற்றீரியாவையும் ஒருங்கே கொல்லும். அந்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் காற்றோட்டத்துடன் வைத்திருந்து, அல்லது குளோரீன் நீக்கும் மருந்தை அதன் உறையிற் குறித்த அளவு சேர்த்து, அதன் பின்னரே பயன்படுத்தவேண்டும். நீரை வைக்கும் பாத்திரத்தைத் துணியால் அல்லது மெல்லிய வலையால் மூடிக்கட்டுதல் இன்றியமையாதது. இலங்கை மலேரியா அற்ற நாடென 2016ஆம் ஆண்டு செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தினாற் சான்றளிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில் மன்னார்த் தீவின் கிணறுகளில், மலேரியாவைப் பரப்பவல்ல அனோபிலிசு ஸ்ரெபன்சி என்னும் நுளம்பின் குடம்பிகள் காணப்பட்டன. மீன் வளர்ப்பவரின் வீட்டில் நுளம்பு வளரலாகாது.

தொட்டியில் நீரை நிரப்பி, வடிகட்டியை இயக்கி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீன் உணவை வெறுந் தொட்டியில் இடவேண்டும். அது அழுகி அமோனியாவை உண்டாக்க, அதனை உண்டு பற்றீரியா பெருகும். நெடுநாள் நன்கு நடைபெறும், நோயற்ற தொட்டி ஒன்றிலிருந்து வடிகட்டிப் பஞ்சின் ஒரு துண்டைப் பெற்று வைத்தால் காலம் குறையும். துளிச் சோதனை மருந்தினால் அமோனியா, நைத்திரைற்று ஆகியவற்றை வாரம் இருமுறை அளந்து வரவும். இரண்டும் முதலில் ஏறிப் பின்னர் சுழியத்துக்கு இறங்கி, உணவு இட்ட பின்னரும் சுழியத்திலேயே நின்றால் தொட்டி ஆயத்தமாகிவிட்டது. மீன் விடுவதற்கு முன்னாள் நீரிற் பாதியை மாற்றவும்.

மீன்களை விடுதல்

நெடுந்தூரம் பேருந்திற் கொண்டுவந்த மீன் பையின் நீரில் அமோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறவாமல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமமாக்கியபின், பையைத் திறந்து காலந்தாழ்த்தாது மீனைச் சிறு வலையால் எடுத்து விடவும். பையின் நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது. முதலில் ஒரு மீனை மட்டும் விட்டு, இரு வாரங்களின் பின் அடுத்ததை விடுதல் நன்று.

முதல் இரு வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாளும், பின்னர் நாளுக்கு ஒரு முறையும், இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே உணவு கொடுக்கவும். தங்கமீன் எப்பொழுதும் பசித்தாற்போல முகங்காட்டும். அதற்கு இரங்கி அளவை மீறுதல் தீங்காகும்.

ஆயத்தமில்லாமல் மீன் விட்டவர்கள்

மீனை ஏற்கனவே விட்டுவிட்டவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. நாள்தோறும் நீரில் நான்கிலொரு பங்கை மாற்றி, உணவைக் குறைத்து, காற்றைக் கூட்டினால் பல மீன்களைக் காப்பாற்றலாம். மீன் நீர் மட்டத்தில் வாய்திறந்து மூச்சு வாங்குதல், பூக்கள் சிவத்தல், செட்டைகளை ஒடுக்கி அடியிற் கிடத்தல் ஆகியவை நீர் கெட்டதன் அறிகுறிகள். மருந்து தேடுமுன் நீரைச் சோதித்து மாற்றவும். சில மருந்துகள் பயனுள்ள பற்றீரியாக்களையும் அழித்துவிடும். நைத்திரைற்று மிகுந்திருப்பின் லீற்றருக்கு 1 கிராம் சாதாரண உப்புச் சேர்த்தல் அந்நஞ்சு இரத்தத்திற் புகுவதைத் தடுக்க உதவும். உவர்க் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்கு இதுவும் தேவைப்படாது.

ஒரு மீன் இறந்தவுடன் தொட்டியை முழுதும் வெறுமையாக்கி, கற்களையும் பஞ்சையும் குழாய் நீரிற் கழுவுவோர் பலர். இதனாற் பற்றீரியாக்கள் அழிந்து, ஆறு வாரக் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பஞ்சில் அழுக்கு அடைத்தால், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்லப் பிழிந்து மீண்டும் இடவும்.

சோளகக் காலத்தில்

வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று வீசும் மாதங்களில் தொட்டி நீர் விரைவாக வற்றும். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. வற்றிய நீருக்கு ஈடாகக் கிணற்று நீரையே ஊற்றிவந்தால் உப்பு நாளுக்கு நாள் கூடும். ஆகவே மாரியிற் சேமித்து மூடிவைத்த தூய மழைநீரை இதற்குப் பயன்படுத்தவும். ஆனால் தொட்டி முழுவதையும் மழைநீரால் நிரப்பலாகாது. சுண்ணாம்புச் சத்து அறவே இல்லாத நீரிற் பீ.எச் பெறுமானம் திடீரென இறங்கும். வாரந்தோறும் நான்கிலொரு பங்கு நீரை மாற்றும் வழக்கத்தை எக்காலத்திலும் கைவிடலாகாது.

வளர்க்க இயலாத மீன்களைக் கட்டுக்கரைக் குளத்திலோ ஏனைய குளங்களிலோ விடுதல் கூடாது. அவை நோயைப் பரப்புவதோடு உள்நாட்டு மீன்களின் உணவையும் கவரும். மீன் வளர்க்கும் அயலவருக்குக் கொடுத்துவிடுக. அலங்கார மீன் வளர்ப்பைத் தொழிலாக மேற்கொள்ள விரும்புவோர், 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் ஆலோசனையைப் பெறலாம்.

தொட்டி வாங்கும் நாளிலேயே மீனையும் வாங்காது, ஆறு வாரம் பொறுத்து வாங்குதலே தங்கமீன் வளர்ப்பில் முதற்படியாகும். பொறுமைக்குச் செலவில்லை, இறந்த மீனுக்கு ஈடாக மீண்டும் மீண்டும் வாங்குவதற்கே செலவு.