அலுமினிய ஆக்சைடு சாணைச் சக்கரத் தேர்வு: 'கடினம்' என்னும் சொல்லின் இருபொருளும் பட்டறை நடைமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

உலோகப் பணிகளில் பெரிதும் பயன்படுவது அலுமினிய ஆக்சைடு சாணைச் சக்கரம். அதனைத் தேர்வதில் நேரும் பிழைகள் பலவற்றுக்கு, துகளின் கடினத்தையும் சக்கரத்தின் கடினத்தையும் ஒன்றெனக் கொள்வதே காரணம். இவ்விரண்டையும் பிரித்தறிந்து, துகள் வகை, பிடிமானம், தொடுபரப்பு, பிணைப்பு, வேகம் ஆகியவற்றின் அடிப்படையில் சக்கரத்தைத் தேரும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சாணைச் சக்கரம், குருந்தம், பிடிமானம், பிணைப்பு, வெப்பச் சேதம், கலைச்சொல்.

முன்னுரை

அலுமினிய ஆக்சைடின் இயற்கைப் படிக வடிவம் குருந்தம். இத்தமிழ்ச் சொல்லே 'கோரண்டம்' என ஆங்கிலத்தில் வழங்குகிறது. நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் குருந்தம் காணப்படுகிறது. குருந்தப் பொடியை அரக்கில் பிணைத்துச் சாணை செய்வது இந்தியக் கைவினைஞரின் பழைய வழக்கம். துகள் ஒன்று, அதைப் பற்றியிருக்கும் பிணைப்பு மற்றொன்று என்னும் அமைப்பு அச்சாணையிலேயே உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாக்சைட்டை மின்வில் உலையில் உருக்கிச் செயற்கைக் குருந்தம் ஆக்கப்பட்டது. அதன்பின் சக்கரங்களைத் தேவைக்கேற்ப வகைப்படுத்தித் தயாரிப்பது எளிதாயிற்று. தமிழகத்தில் இத்தொழிலின் முதன்மை நிறுவனமான கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இல் சென்னையில் தொடங்கப்பெற்றது.

சக்கரக் குறியீடு

சக்கரத்தின் மேல் அச்சிடப்பெறும் குறியீட்டை ஐ.எஸ்.ஓ. 525 தரநிலை வரையறுக்கிறது. 'ஏ 60 கே 5 வி' என்னும் குறியீட்டில், 'ஏ' அலுமினிய ஆக்சைடையும், '60' துகளளவையும், 'கே' பிடிமானத்தையும், '5' துகள்களுக்கு இடைப்பட்ட நெருக்கத்தையும், 'வி' கண்ணாடித்தன்மையுள்ள பீங்கான் பிணைப்பையும் சுட்டும். துகளளவு எண் கூடக்கூடத் துகள் நுண்ணியதாகும். நெருக்க எண் கூடக்கூட உள்ளிடம் மிகும். பிடிமானம் 'ஏ' முதல் 'இசட்' வரை வன்மையேறும். துகளின் உட்பிரிவைக் குறிக்க உற்பத்தியாளர்கள் தத்தம் முன்னொட்டுகளைச் சேர்ப்பதுண்டு.

துகளின் வகை

பழுப்பு அலுமினிய ஆக்சைடில் ஏறத்தாழ 95 விழுக்காடு அலுமினாவும், சிறிதளவு டைட்டானியம் ஆக்சைடு முதலியனவும் உள்ளன. இதன் துகள் எளிதில் உடையாது. எனவே கார்பன் எஃகின் முரட்டுச் சாணைக்கும், வார்ப்புகளின் பிசிறு நீக்கலுக்கும் இது ஏற்றது. வெள்ளை வகையில் அலுமினா 99 விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். இதன் துகள் அழுத்தத்தில் உடைந்து புதிய கூர்முனைகளைத் தரும். வெப்பமும் குறைவாகவே எழும். ஆதலின் கடினமாக்கப்பட்ட கருவி எஃகுக்கும் அதிவேக எஃகுக்கும் இதுவே பொருந்தும். குரோமியம் ஆக்சைடு சேர்ந்த இளஞ்சிவப்பு வகை வெள்ளையைவிடச் சற்று உறுதியானது. கருவிகளின் வடிவ விளிம்பைக் காக்க உதவும்.

சிலிக்கான் கார்பைடு இதனினும் கடினமானது. ஆயினும் எஃகுக்கு அது ஏற்றதன்று. உயர் வெப்பத்தில் அது இரும்புடன் வினைபுரிந்து விரைவில் தேய்ந்துவிடும். வார்ப்பிரும்பு, செம்பு, அலுமினியம், கார்பைடு ஆகியவற்றுக்கே அது உரியது. துகளின் கடினம் மட்டும் தேர்வைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இது முதற்சான்று.

பிடிமானமும் வெப்பச் சேதமும்

பட்டறையில் 'கடினமான கல்', 'மென்மையான கல்' என்று வழங்குவது துகளைக் குறித்ததன்று. துகளைப் பிணைப்பு எவ்வளவு இறுகப் பற்றியுள்ளது என்பதைக் குறித்தது. மழுங்கிய துகள் உரிய நேரத்தில் உதிர்ந்தால்தான் அடுத்த கூர்முனை வெளிப்படும். கடின உலோகம் துகளை விரைந்து மழுக்கும். அதற்கு எளிதில் உதிர்விக்கும் மென்சக்கரம் வேண்டும். மென்மையான எஃகு துகளை மெல்லவே மழுக்கும். அங்கு வன்பிடிமானம் கல்லின் வீண்தேய்வைத் தடுக்கும்.

கடின எஃகுக்குக் கடினச் சக்கரம் இட்டால் மழுங்கிய துகள்கள் உதிராமல் தங்கி, சக்கர முகம் பளபளக்கும். அது வெட்டாமல் உரசுவதால் வெப்பம் மிகும். 150 முதல் 200 பாகை செல்சியஸ் வரை பதந்தணித்த எஃகு, அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் தன் கடினத்தை இழக்கத் தொடங்கும். மேற்பரப்பு 727 பாகையைக் கடந்து உடனே குளிருமாயின், பதந்தணியாத நொறுங்கும் படலம் உருவாகி நுண்வெடிப்புகளுக்கு இடமளிக்கும். இறுதி மெருகுக்குப்பின் நிறமாற்றம் மறைந்துவிடுவதால், பாகம் பணியில் முறியும்வரை இச்சேதம் வெளிப்படாமலும் இருக்கலாம்.

தொடுபரப்பும் துகளளவும்

சக்கரமும் பணிப்பொருளும் தொடும் பரப்பு பெரிதானால், ஒவ்வொரு துகளின் மீதும் விழும் அழுத்தம் குறையும். மழுங்கிய துகள் உதிர்வது கடினமாகும். ஆகவே சமதளச் சாணைக்கும் துளையின் உட்சாணைக்கும் மென்பிடிமானமும் உள்ளிடம் மிக்க அமைப்பும் வேண்டும். உருளையின் புறச்சாணையில் தொடுபரப்பு சிறிதாகையால் சற்று வன்பிடிமானம் தகும். விரைந்த நீக்கத்துக்கு 24 போன்ற பருந்துகளும், பொதுப்பணிக்கு 46 அல்லது 60-உம், நுண்மெருகுக்கு 100-க்கு மேற்பட்டனவும் ஏற்றவை. எடுத்துக்காட்டாக, கடினமாக்கப்பட்ட அதிவேக எஃகின் சமதளச் சாணைக்கு வெள்ளைத் துகள், 46 அளவு, 'ஐ' அல்லது 'ஜே' பிடிமானம், 8 நெருக்கம், 'வி' பிணைப்பு என்னும் சேர்க்கை நல்ல தொடக்கமாகும்.

பிணைப்பும் வேகமும்

பீங்கான் பிணைப்பு வடிவம் மாறாது. நீரும் எண்ணெயும் அதைப் பாதிப்பதில்லை. ஆனால் அதிர்ச்சியைத் தாங்காது. கையடக்க இயந்திரங்களுக்கும் வெட்டுத் தட்டுகளுக்கும் இழைவலு ஊட்டிய ரெசின் பிணைப்பே தகும்.

விளிம்பு வேகத்தைக் கணித்தறிவது இன்றியமையாதது. நிமிடத்துக்கு 2,850 சுற்று சுழலும் மோட்டாரில் 200 மி.மீ. சக்கரத்தின் விளிம்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 29.8 மீட்டர். அதே மோட்டாரில் 250 மி.மீ. சக்கரம் பூட்டினால் அது 37.3 மீட்டராகும். வினாடிக்கு 33 மீட்டர் என வரம்பு குறித்த சக்கரத்துக்கு முன்னது பாதுகாப்பானது. பின்னது சிதறும் அபாயமுடையது. பூட்டுமுன் பீங்கான் சக்கரத்தை மெல்லத் தட்டி ஒலிகேட்பதும், பூட்டியபின் காப்புறையுடன் ஒரு நிமிடமேனும் வெறுமனே சுழலவிடுவதும், பணித்தாங்கிக்கும் சக்கரத்துக்கும் இடைவெளி 3 மி.மீ.-ஐ மிகாமல் காப்பதும் கட்டாயமான நடைமுறைகள். மந்த ஒலி எழுப்பும் சக்கரத்தில் வெடிப்பு இருக்கலாம். அதனை விலக்க வேண்டும்.

முடிவுரை

சாணைச் சக்கரத் தேர்வு உலோகத்திலிருந்து தொடங்கி, துகள் வகை, துகளளவு, பிடிமானம், நெருக்கம், பிணைப்பு என்னும் வரிசையில் சென்று, வேக வரம்பைச் சரிபார்த்து முடிதல் வேண்டும். பளபளத்த முகம் பிடிமானம் மிகையென்பதையும், விரைந்த தேய்வு அது குறைவென்பதையும் காட்டும் குறிகளாகும். பாடநூல்களில் துகளுக்குக் 'கடினம்' என்றும் சக்கரத்துக்குப் 'பிடிமானம்' என்றும் தனித்தனிக் கலைச்சொற்களை ஆளுவது, தொழிற்கல்வி மாணவர் முதற்பாடத்திலேயே இவ்வேறுபாட்டை உணரத் துணைசெய்யும்.