கோட்பாடு யாருக்குரியது?

பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வழங்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 2021இல் இயற்றியது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒப்பந்தத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கும் அது கணினி அறிவியல் வகுப்பின் கதவைத் திறக்கிறது. உள்ளே எதைக் கற்பிக்கிறோம் என்பதே அடுத்த கேள்வி. வேலைக்கான மென்பொருள் பயிற்சியே போதும், கோட்பாடு எதற்கு என்போர் உண்டு.

வரிசைப்படுத்திய 10 லட்சம் பெயர்களில் ஒன்றைத் தேட, ஒவ்வொன்றாகப் பார்த்தால் 10 லட்சம் ஒப்பீடுகள் வரை ஆகலாம். பாதி பாதியாகக் கழித்தால் 20 போதும். மென்பொருள்கள் காலாவதியாகும்; இந்தக் கணக்கு ஆகாது. இதைக் கற்றவர் புதிய கருவியையும் தாமே கற்றுக்கொள்வார்.

சாதி, வேலையை மட்டுமன்றி உழைப்பவரையே மேல்கீழாகப் பிரிக்கிறது என 1936இல் அம்பேத்கர் வாதிட்டார். சிந்தனை சிலருக்கு, செய்முறை பிறருக்கு என்னும் பாடத்திட்டம் அப்பிரிவினையின் புதிய வடிவமே. சேர்க்கையில் வென்ற உரிமை, பாடத்தின் ஆழத்திலும் நிலைநாட்டப்பட வேண்டும்.