சங்குசக்கரத்துக்குத் தரை யார் தருவது?

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அச்சகங்களுக்குத் தினசரி காலண்டர் வடிவமைத்துக் கொடுப்பவர். கடைக் கணினியில் ஓடும் வரைகலை மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். அங்கே இருப்பது தங்கைக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. அதில் உபுண்டு 20.04. மென்பொருள் திறக்கவில்லை. 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்று ஒரே ஒரு வரி. "எந்த லினக்ஸிலும் ஓடும், நிறுவவே வேண்டாம் என்று போட்டிருந்தார்களே, என் கணினியில் என்ன கோளாறு?" என்று கேட்கிறார்.

கணினியில் கோளாறு இல்லை. 'எந்த லினக்ஸிலும்' என்ற சொல்லில்தான் கோளாறு.

எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. காலண்டரில் 'கொடி' என்று அடிக்கிறீர்கள். யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னே தள்ளி, காலைப் பின்னே வைத்து, நடுவில் 'க'வை உட்காரவைக்கும் வேலையைப் பெரும்பாலும் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி, அதாவது பல மென்பொருள்களும் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு, செய்கிறது. படத்தைத் திறக்க ஒரு லைப்ரரி, பிடிஎஃப் எழுத இன்னொன்று. இப்படி ஒரு வரைகலை மென்பொருள் பல டஜன் லைப்ரரிகளைச் சார்ந்து நிற்கும். எந்தக் கணினியில் எது இருக்கும் என்று சொல்ல முடியாததால், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி அனுப்புகிறார்கள். தீபாவளி கிஃப்ட் பாக்ஸ் மாதிரி: கம்பி மத்தாப்பு, பூச்சட்டி, சரம், சங்குசக்கரம் எல்லாம் உள்ளே.

ஆனால் சங்குசக்கரம் சுற்ற ஒரு தரை வேண்டும். அதைப் பெட்டிக்குள் வைத்து அனுப்ப முடியாது, வாங்கியவர் வீட்டு வாசலில்தான் இருக்க வேண்டும். லினக்ஸில் அந்தத் தரை மூன்று அடுக்கு: அடியில் வன்பொருளை ஆளும் கெர்னல், பக்கத்தில் திரையை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர், மேலே ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரி. நினைவகம் கேட்பது, கோப்பைத் திறப்பது, எழுத்துக் கோவையை நகலெடுப்பது என்று ஏறக்குறைய எல்லா நிரல்களும் காலூன்றி நிற்பது ஜிலிப்சியின் மேல்தான்.

வரலாற்றை இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். ஆப்இமேஜ் என்கிற ஒற்றைக்கோப்பு முறை, 2004-இல் சைமன் பீட்டர் தொடங்கிய 'கிளிக்'கின் வாரிசு. இதே நோக்கம் கொண்ட ஃபிளாட்பேக்கும் ஸ்னாப்பும் பின்னால் வந்தவை. நம் ஊரில், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலம் விண்டோஸோடு சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது.

இப்போது எனக்குப் பிடித்த இடம். ஜிலிப்சிக்குள் மெம்காப்பி என்று ஒரு செயல்கூறு உண்டு. நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்துக்கு நகலெடுப்பது அதன் வேலை. இரண்டு இடங்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறக்கூடாது என்பது விதி. பத்துக் குழி உள்ள ஒரு தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் குழி முதல் பத்தாம் குழி வரை இருப்பதை இரண்டு குழி இடப்பக்கம் நகலெடுக்க வேண்டும். இடமிருந்து தொடங்கினால் ஒழுங்காக முடியும். வலமிருந்து தொடங்கினால், பத்தாவது போய் எட்டாவதை மூடிவிடும். எட்டாவதோ இன்னும் நகரவே இல்லை. விதியை மீறி எழுதிய நிரல்களும் ஓடிக்கொண்டிருந்தன, மெம்காப்பி இடமிருந்து போனவரை.

2010-இல், சில செயலிகளில் வேகம் கிடைக்கும் என்பதற்காக, வலமிருந்து நகலெடுக்கும் வடிவம் வந்தது. ஃபெடோரா 14 லினக்ஸில் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கரகரத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே இறங்கிக் காரணத்தைத் தேடினார். விதியை மீறியது ஃபிளாஷ்தான் என்றாலும், பயனர்களுக்கு ஓடிக்கொண்டிருந்ததை உடைப்பது தவறு என்று வாதாடினார்.

2011-இல் ஜிலிப்சி 2.14 இதைத் தீர்த்த விதம்தான் அழகு. ஒரே லைப்ரரிக்குள் ஒரே பெயரில் இரண்டு மெம்காப்பி. ஒன்றின் மேல் 2.2.5 என்ற முத்திரை. அது இடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினாலும் பத்திரமாக நகலெடுக்கும். இன்னொன்றின் மேல் 2.14, அது வேகமானது. பழைய நிரல் தன்னுள் பொறித்த பழைய முத்திரையைக் காட்டிக் கேட்கிறது, பழையது கிடைக்கிறது. புதிதாகக் கம்பைல் செய்த, அதாவது ஓடும் வடிவத்துக்கு மாற்றிய, நிரல் புதியதைக் கேட்கிறது. இந்த முத்திரை முறையால்தான் இருபது வருடத்துக்கு முந்தைய நிரல்கூட இன்றைய லினக்ஸில் ஓட முடிகிறது.

ஆனால் இது ஒருவழிப் பாதை. பழைய கணினியிடம் புதிய முத்திரையைக் காட்டினால், அதனிடம் அப்படி ஒன்று இல்லவே இல்லை. 2021-இல் வந்த 2.34-இல், நிரலைத் தொடங்கிவைக்கும் செயல்கூறே புது முத்திரை பெற்றது. ஆகவே உபுண்டு 22.04-இல் வழக்கம்போலக் கம்பைல் செய்தால், 'வணக்கம்' என்று ஒரு வரி காட்டும் நிரல்கூட 2.34 கேட்கும். உபுண்டு 20.04-இல் இருப்பது 2.31. வாசகருக்கு வந்த செய்தி இதுதான்.

சிமெண்டுத் தரையில் மட்டும் சுற்றிப் பார்த்த சக்கரம் மண் தெருவில் சுற்றும் என்று சொல்லக்கூடாது. தரைகளிலேயே மோசமானதில் சுற்றிப் பார்த்து அனுப்ப வேண்டும். அதாவது, ஆதரிக்க நினைக்கும் லினக்ஸ்களிலேயே மிகப் பழையதில் கம்பைல் செய்ய வேண்டும். பைதான்காரர்கள் இதை ஒழுங்காகச் செய்கிறார்கள்: 'மெனிலினக்ஸ் 2014' பொதிகள் சென்ட்ஓஎஸ் 7-ஐத் தரையாகக் கொண்டவை, அதன் ஜிலிப்சி 2.17.

தரையையே ஜமுக்காளமாகச் சுருட்டி எடுத்துவருவது ஃபிளாட்பேக்கின் வழி. ஜிலிப்சி சிக்கல் தீரும், ஆனால் முதல் மென்பொருளுக்கே நூற்றுக்கணக்கான எம்பி இறங்கும். ஜமுக்காளத்துக்கு அடியிலும் கெர்னல் என்ற மண் இருக்கத்தான் செய்கிறது.

பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடைப்பதிலும் ஆபத்து உண்டு. தீக்குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கவாட்டில் சிவப்பு பாஸ்பரஸ். தனித்தனியே இருக்கும்வரை சாது. அதுபோல, பெட்டிக்குள் இருக்கும் பழைய சி++ லைப்ரரி முதலில் ஏறிக்கொண்டு, கணினியின் கிராபிக்ஸ் டிரைவர் அதே லைப்ரரியின் புதிய பதிப்பைக் கேட்டால், மென்பொருள் படுத்துவிடும். இன்னொன்று, 2023 செப்டம்பரில் வெப்பி படங்களைத் திறக்கும் லைப்ரரியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. கணினியின் பொது லைப்ரரியைப் பயன்படுத்திய மென்பொருள்களுக்கு ஒரே புதுப்பித்தல் போதுமாயிருந்தது. தங்கள் பெட்டிக்குள் தனி நகல் வைத்திருந்த ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திருத்த வேண்டியிருந்தது.

விஸ்வநத்தம் நண்பருக்கு: டெர்மினலில் 'எல்டிடி' கட்டளையோடு 'வெர்ஷன்' என்ற தெரிவைச் சேர்த்துக் கொடுத்தால், உங்கள் ஜிலிப்சியின் எண் முதல் வரியிலேயே தெரியும். அந்த எண்ணுக்குள் அடங்கும் ஜிலிப்சியைக் கேட்கும், மென்பொருளின் முந்தைய பதிப்பைத் தேடி இறக்குங்கள், ஓடும். ஆனால் ஜிலிப்சியை மட்டும் தனியாக மாற்றிப் பார்க்காதீர்கள். கணினி எழுந்திருக்காமலே போகலாம்.

தமிழில் மென்பொருள் செய்து வெளியிடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பதிவிறக்கப் பக்கத்தில் 'எங்கும் ஓடும்' என்பதை எடுத்துவிட்டு, 'ஜிலிப்சி இத்தனைக்கு மேல்' என்று எண்ணைப் போடுங்கள்.