கூதிர்காலமும் வீட்டுப் பூந்தோட்டமும்

ஆங்கில நூல்களைப் பார்த்துப் பூந்தோட்டஞ் செய்யும் நம்மவர் சிலர், அந்நூல்கள் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களுக்கு விதித்த வேலைகளையே இங்கும் செய்யப் புகுவர். அவை உறைபனிக்கு அஞ்சுவோர்க்காக எழுதப்பட்டவை. வாடிய செடிகளை அகற்றுதல், கிழங்குகளைத் தோண்டிச் சேமித்தல், தோட்டத்தை ஒடுக்கி வைத்தல் என்பனவே அவை கூறும் வேலைகள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம் பழைய மாணவர்க்கு அவை பொருந்தும். யாழ்ப்பாணத்திலோ தோட்டத்தின் ஆண்டு தொடங்குவதே அப்போதுதான். சோளகம் ஓய்ந்து, ஐப்பசியில் மழை இறங்குகின்றது. ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் முன்னோர் கூதிர் என வகுத்தனர். குடாநாட்டில் ஆண்டுதோறும் பெய்யும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலேயே கொட்டிவிடும். ஒன்பது மாதம் நீரிறைத்துப் பழகிய நாம், இம்மூன்று மாதமும் நீரை வடியச் செய்யப் பழகவேண்டும்.

முதல் வேலை பாத்திகளை மாற்றுவதாகும். வேனிலில் வரம்பை உயர்த்திப் பாத்தியைப் பள்ளமாக வைத்தோம்; மாரியிற் பாத்தியை அரை அடியேனும் உயர்த்தி, இடையே வாய்க்கால் விடல் வேண்டும். உரும்பிராய், சுன்னாகம் முதலிய செம்மண் ஊர்களில் நீர் விரைவிற் கீழிறங்கும். வயலோரத் தாழ்ந்த வளவுகளிலோ தேங்கி நிற்கும். தேங்கிய நீரில் வேர் மூச்சின்றி அழுக, இலை மஞ்சளித்து வாடும். அவ்வாட்டத்தைக் கண்டு மேலும் நீர் வார்ப்போரும் உளர்! மண் ஈரமாயிருக்கச் செடி வாடுமாயின் அதற்கு வேண்டியது வடிகாலே.

செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி ஆகியவற்றின் தடிகளை நடுவதற்கு இதனினும் நல்ல காலம் இல்லை. பென்சில் பருமனுள்ள முற்றிய தடியைக் கணுவின் கீழே சரித்து வெட்டி நட்டால், வானமே நீரூற்றும். சீனியா, காசித்தும்பை விதைகளை மழைத்துளி அடித்துச் செல்லாவண்ணம் கிடுகின் மறைவில் நாற்றாக்குதல் நன்று. அவை ஏறத்தாழ இரண்டு மாதத்திற் பூப்பனவாதலால், ஐப்பசி முற்பகுதியில் விதைப்போர்க்கு மார்கழித் திருவெம்பாவை பத்து நாளும் பூவுக்கு அயல்வீட்டு வேலியை நோக்கவேண்டியிராது. வேலியிற் படரும் கார்த்திகைப்பூவின் கிழங்கும் இம்மழைக்கே துளிர்க்கின்றது. அழகிய அக்கொடியின் கிழங்கு கொடிய நஞ்சாதலின், சிறுவர் கைக்கு எட்டாது காத்தல் கடன்.

பசளையிடுதலைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். நமது நன்னீர் சுண்ணக்கற்பாறையினுள்ளே, உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. இம்மழையே அதனை நிரப்புகின்றது. பெருமழைக்கு முன் யூரியாவைத் தூவினால் அது செடிக்கு உதவாது. நைத்திரேற்றாகக் கரைந்து கிணற்றையே சென்றடையும். குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருத்தலை ஆய்வாளர் பன்முறை எடுத்துக்காட்டியுள்ளனர். கைக்குழந்தைகளுக்கு அந்நீர் பெருந்தீங்கு விளைவிக்கும். நாலு பூவுக்காக வீட்டுக் கிணற்றைக் கெடுத்தல் தகுமா? சோளகம் உதிர்த்த சருகுகளை எரித்துவிடாது, கிணற்றுக்குத் தொலைவில் ஒரு குழியிலிட்டு, வடிகால் நீரை அதனுள் விடுக. நீரும் மண்ணுள் இறங்கும், அடுத்த ஆண்டுக்கு எருவும் கிடைக்கும்.

மாரிக்காலமே டெங்குக் காலமும் ஆகும். பூச்சாடித் தட்டுகளைக் கவிழ்த்தல் மட்டும் போதாது. நுளம்பின் முட்டைகள் கலத்தின் உட்சுவரில் ஒட்டி, நீர் வற்றிய பின்னும் மாதக்கணக்கில் உயிருடன் இருக்கவல்லன. ஆதலால் வாரந்தோறும் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இரவில் இளநாற்றை மேயும் ஆபிரிக்க நத்தையைப் பொறுக்கி உப்புநீரில் இடுக. வெறுங்கையாற் தொடற்க, உப்பைப் பாத்தியிற் தூவற்க.

மல்லிகைக்கு மட்டும் பொறுமை வேண்டும். ஐப்பசியிற் கத்தரித்தால் விடாமழையில் வெட்டுவாய் அழுகும். மார்கழிக் கடைசியில் மழை தணிந்தபின் கத்தரித்து எருவிட்டால், பங்குனி பிறக்க அரும்பு காணலாம்.