கர்ப்பகால உடற்பயிற்சி: எவ்வளவு செய்யலாம், எப்போ நிறுத்தணும்?

மாசமா இருக்குற பெண்ணைச் சுத்தி எப்பவும் ரெண்டு கட்சி இருக்கும். ‘அலுங்காம படுத்திரு’ என்பது ஒண்ணு. ‘குனிஞ்சு வீட்டைத் துடை, சுகப்பிரசவம் ஆகும்’ என்பது இன்னொண்ணு. இப்போ மூணாவதா ரீல்ஸ். எட்டு மாச வயிற்றோட ஒருத்தர் வெயிட் தூக்குறார், லைக்ஸ் குவியுது. யார் பேச்சைக் கேட்கிறது?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது இதுதான்: சிக்கல் ஏதும் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி செய்யலாம். அதாவது தினமும் அரை மணி நேரம், வாரத்தில் 5 நாள். மொத்தமா முடியலைன்னா பத்துப் பத்து நிமிஷமா பிரிச்சுக்கலாம். இதனால் கர்ப்பகால சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு குறையும், எடை அளவுக்கு மீறி ஏறாது. ‘நடந்தா கரு கலைஞ்சிடுமோ’ங்கிற பயம்தான் பலருக்கும். ஆரோக்கியமான கர்ப்பத்தில் மிதமான பயிற்சியால் அந்த ஆபத்து கூடுறதில்லை.

சரி, மிதம்னா எது? 1985-ல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பு, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 140-ஐத் தாண்டக் கூடாதுன்னு சொன்னது. 1994-ல் அவங்களே அந்த எல்லையை எடுத்துட்டாங்க. கர்ப்பத்தில் இதயத்துடிப்பு மாறிக்கிட்டே இருக்கும், ஆளுக்கு ஆளும் வேறுபடும். அதனால ஸ்மார்ட் வாட்ச்சை விடுங்க. நடக்கும்போது பக்கத்துல வர்றவங்ககிட்ட முழு வாக்கியமா பேச முடியுதா? அது மிதம். ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குதா? வேகத்தைக் குறைங்க.

செரீனா வில்லியம்ஸ் 2017-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் ஜெயிச்சப்போ கர்ப்பமா இருந்தார். உண்மைதான். ஆனா அது சின்ன வயசிலிருந்து பழகின உடம்பு. இதுவரை ஜிம் பக்கமே போகாதவங்க, கர்ப்பத்தில் போய் வெயிட் தூக்க ஆரம்பிக்க வேண்டாம். நடை, நீச்சல், கர்ப்பிணிகளுக்கான யோகா போதும். முதல் மூணு மாசத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைத் தவிர்க்கணும். கருப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, தலைசுற்றல் வரலாம். கோடை வெயிலில் மொட்டைமாடி நடையும் வேண்டாம், உடம்பு சூடேறுவது நல்லதில்லை.

அப்புறம் அந்த வீடு துடைக்கிற விஷயம். குனிஞ்சு நிமிர்றது தப்பில்லை. ஆனா எந்தப் பயிற்சியும் சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் கிடையாது. சிசேரியன் ஆனவங்களைப் பார்த்து ‘நீ வேலை செய்யாததால்தான்’னு சொல்றது அநியாயம்.

நம்ம ஊரில் அதிகம் பேசாத ஒரு விஷயம், ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கு. படி ஏறினாலே மூச்சு வாங்குதுன்னா ‘சோம்பேறித்தனம்’னு நினைச்சு இன்னும் வேகமா நடக்காதீங்க, ஹீமோகுளோபினைப் பாருங்க. கடுமையான ரத்தசோகை, ரத்தக்கொதிப்பு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருப்பது, குறைப்பிரசவ அபாயம்... இதில் எது இருந்தாலும் டாக்டர் சொல்லாம எந்தப் பயிற்சியும் கூடாது.

பயிற்சியின்போது ரத்தக்கசிவு, பனிக்குட நீர் கசிவு, விட்டு விட்டு வரும் வயிற்று வலி, நெஞ்சு வலி, தலைசுற்றல், கடுமையான தலைவலி, ஒரு கால் கெண்டையில் மட்டும் வலி அல்லது வீக்கம் வந்தா, அந்த இடத்திலேயே நிறுத்திட்டு மருத்துவமனைக்குப் போகணும். ‘கொஞ்ச நேரம் படுத்தா சரியாகிடும்’னு வீட்டில் யாராவது சொன்னாலும் கேட்காதீங்க.

அடுத்த செக்கப்பில் மூணு கேள்வி கேளுங்க. ஸ்கேன்ல நஞ்சுக்கொடி எங்கே இருக்கு? ஹீமோகுளோபின் எவ்வளவு? பி.பி. எவ்வளவு? பதிலைக் கேட்டுக்கிட்டு, ‘அப்போ நான் நடக்கலாமா டாக்டர்?’னு நேரடியாவே கேட்டுடுங்க.