இருதயப் பதிகருவியும் விடுபடும் பதிவும்

வைத்தியசாலையிலே படுக்கவைத்து எடுக்கும் சாதாரண இருதய மின்வரைபடம் பத்து விநாடி அளவினதே. ஒரு நாளிலோ இருதயம் ஏறக்குறைய ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. இடையிடையே தோன்றி மறையும் தாளப் பிசகு அந்தப் பத்து விநாடிக்குள் அகப்படுமென்று எவ்வாறு எதிர்பார்க்கலாம்? இக்குறையை நீக்க முனைந்தவர் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து ஹெலினா நகரில் வாழ்ந்த நோர்மன் ஹோல்ற்றர். 1940களின் பிற்பகுதியில் அவர் அமைத்த முதற்கருவி சுமார் 38 கிலோகிராம் எடையுடையது, முதுகிலே சுமக்கவேண்டியது. தம் முறையை 1961இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் அவர் விளக்கினார். இன்று அத்தகைய கருவி உள்ளங்கையில் அடங்குகின்றது.

கருவி சிறுத்தாலும் பதிவு தொலையும் அபாயம் நீங்கிற்றில்லை. விநாடிக்கு 250 அளவீடுகள் வீதம் எடுத்தால், ஒரு தடத்துக்கு மாத்திரம் நாளொன்றில் 2 கோடியே 16 இலட்சம் எண்கள் சேரும். அவை முதலில் தற்காலிக நினைவகத்தில் தங்கிப் பின்னரே நிலையான நினைவகத்தைச் சேருகின்றன. மின்கலம் ஓய்ந்தால் முன்னது வெறுமையாகிவிடும், பின்னது அழியாது. விற்பனையை அவ்வப்போது பேரேட்டில் எழுதும் கணக்குப்பிள்ளை மயங்கி விழுந்தால் ஒரு வரி போகும். மாலையில் எழுதலாமென்று மனத்தில் வைத்திருப்பவர் விழுந்தால் அன்றைய கணக்கு முழுவதும் போய்விடும். ஆகவே நல்ல கருவி சில விநாடிகளுக்கு ஒருமுறை சிறு சிறு பகுதிகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் சரிபார்க்கும் எண்ணும் இடுகின்றது. மின்கலம் தளர்வதைக் கண்டதும், எஞ்சிய வலுவைக்கொண்டு ஏட்டை ஒழுங்காக முடித்துவைக்கின்றது.

இவை பொறியியலாளர் பொறுப்பு. ஆனாற் பதிவு கெடுமிடம் பல வேளைகளில் நோயாளியின் தோலே. நம்நாட்டு வெக்கையிலே வியர்வையைச் சொல்லவும் வேண்டுமோ! மார்பு மயிரை வழித்து, மதுசாரத்தால் துடைத்து, ஈரம் உலர்ந்த பின்பே மின்வாய்களை ஒட்டவேண்டும். கம்பியிலே சிறு வளையம் விட்டுப் பிளாஸ்ரரால் பிணித்தால், அது இழுபடும்போது மின்வாய் கழலாது.

எனினும் இழப்பு நேரவே செய்யும். நேர்ந்ததை மறைப்பதே பெருந்தீங்கு. மின்வாய் கழன்றபோது விழும் நேர்கோடு, இருதயம் சற்று நின்றதுபோலத் தோற்றித் தேவையற்ற சிகிச்சைக்கு வழிவகுக்கலாம். விடுபட்ட பகுதியை நீக்கி முன்னையும் பின்னையும் ஒட்டிக் காட்டினாலோ, உண்மையான பிசகு நடந்த நிமிடமே மறைந்துபோகலாம். எனவே வெற்றிடத்தை வெற்றிடமாகவே, அதன் நேரத்துடன், கருவி காட்டவேண்டும். தலைசுற்றிய வேளையை நோயாளி குறிப்பேட்டில் எழுதிவைக்கின்றார். அவ்வேளையிற் பதிவு இல்லையாயின், 'பிசகில்லை' என வைத்தியர் எழுதலாகாது. கருவியை மீண்டும் அணிவித்தல் வேண்டும்.